சுவருக்கு வெளியே கட்டிய உல்லன் பூ

முதலில் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். அதற்குப் பிறகு கேன்டீன் ரிஜிஸ்டரில் பெயர் போடுவதோடு சரி. பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருக்கும். ஒற்று விட்டுப்போயிருக்கும். இதை டைப் அடிக்கப்போகிற தம்பி எழுத்தைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

கோயில் ஜூபிலி மலருக்கு என் வயதுக்காரர்கள் எல்லாரும் சின்ன வயது ஞாபகம் ஒன்று எழுதித் தர வேண்டும் என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டீர்கள். ஏரியில் நீச்சல் அடித்தது, வேர்க்கடலைக் கொல்லையில் திருடித் தின்றது, அந்த மாதிரி இருந்தால் போதும் என்றீர்கள். அதே கூட்டத்தில் இன்னொன்றும் முடிவானது. கல்லறைத் தோட்டத்துக்குக் கிழக்கே, சுவருக்கு வெளியே சும்மா கிடக்கிற காலி இடத்தைச் சமமாக்கி, பேவர் பிளாக் போட்டு, பைக் ஸ்டாண்டு கட்டுவது என்று. எல்லாரும் கை தூக்கினீர்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். தூக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது என்று உங்களுக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். அது காலி இடம் இல்லை.

நான் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உல்லன் நூலில் பூ பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரகடம் போய்ச் சேருவதற்குள் ஒரு பூ முடிந்துவிடும். லைனில் வேலை செய்கிற பையன்கள் மே மாத வெயிலில், "அண்ணே, எனக்கொரு ஸ்வெட்டர் போடேன்" என்பார்கள். ஆம்பளைக்கு இது என்ன வேலை என்று உங்களிலும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பதிலுக்குச் சிரித்துவைப்பேன். இந்த மலரில் நான் எழுதப்போவதுதான் அதற்குப் பதில்.

நாம் ஐந்தாவது படித்த வருஷம். எனக்குத் தங்கச்சி பிறந்தாள். எனக்கு மேலே ஒரு அக்கா மட்டும்தான், ஆகவே வீட்டில் வெகுநாள் கழித்துப் பிறந்த குழந்தை. அக்கா அப்போது கன்னியர் மடத்தில் மதர் நடத்திய தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை பிறப்பதற்கு முன்பே அதற்கு ஒரு குல்லா பின்னி வைத்திருந்தாள். மிளகாய்ப்பழச் சிவப்பு. ஓரத்தில் மட்டும் வெள்ளை. குழந்தையின் தலை அதற்குள் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டது. பெரிதாகப் பின்னிவிட்டாள் என்று அம்மா சிரித்தாள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அக்கா முறைத்துக்கொண்டாள். அந்தக் குல்லாவைக் கழற்றி முகர்ந்தால் விளக்கெண்ணெயும் பாலும் கலந்த ஒரு வாசனை வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் முதல் வேலை.

பெயர் வைக்கவில்லை. ஞானஸ்நானத்தில்தான் பெயர். அம்பத்தூரில் கம்பெனி வேலையில் இருந்த மாமாதான் ஞானத் தகப்பன் என்று பேச்சு. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. உபதேசியார் வீட்டுக்கு வந்து, மாமன் இல்லாமல் எதற்கு அவசரம், மாசக் கடைசி ஞாயிறு வரட்டும், பூசையோடு சிறப்பாகச் செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். சாமியார் வெளியூரிலிருந்து வந்து போகிறவர். ஊரில் கோயில் காரியம் எல்லாம் உபதேசியார் சொன்னபடிதான். அப்பாவும் சரி என்றார். அது வரைக்கும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பேர்.

அந்த ஞாயிறு வருவதற்குள் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மழை. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம் என்று காத்திருந்தார்கள். அம்மா குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தாள். துணியை நனைப்பதும் பிழிவதும் போடுவதுமாக. பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர். பஸ் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு ஒன்று தெரிய வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் சாமியார் வர வேண்டியதில்லையாம். பெற்றவளே சாதாரணத் தண்ணீரைத் தலையில் மூன்று முறை ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொன்னால் அது ஞானஸ்நானம்தானாம். இப்போதைய சாமியார் பிரசங்கத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தச் செம்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது. உபதேசியாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து காப்பி குடித்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கெட்டவர் என்று எழுதவில்லை. தப்பு செய்தார் என்று எழுதுகிறேன். அவர் பேரன் இப்போது கமிட்டியில் இருக்கிறான் என்பதற்காக அதை அடித்துவிட மாட்டேன்.

அன்று காலை உபதேசியார் இரண்டு விஷயம் சொன்னார். ஞானஸ்நானம் ஆகாத குழந்தையைச் சுவருக்கு உள்ளே புதைக்கக் கூடாது. புதைத்த இடத்தில் சிலுவையோ கல்லோ எந்த அடையாளமும் வைக்கக் கூடாது. அடையாளம் இருந்தால் மந்திரவாதிகள் தோண்டிக்கொண்டு போய்ச் சூனியத்துக்கு மை எடுத்துவிடுவார்கள். அந்தப் பயம் அப்போது ஊர் முழுக்க இருந்தது. அப்பா கிழக்குச் சுவருக்கு வெளியே குழி வெட்டினார். மூடி, மேலே வேலிகாத்தான் முள்ளை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான். ஜெபம் இல்லை, மணி அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா அடிக்கடி போய்ப் பழைய முள்ளை எடுத்துவிட்டுப் புது முள் போடுவார். மறைக்கப் பார்க்கிறார் என்று அப்போது நினைத்தேன். பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நரி தோண்டாமல் இருக்க அவர் செய்த காவல் அது என்று இப்போது புரிகிறது.

பாப்பாவின் துணிகளை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். குல்லா மட்டும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அத்தைக்குக் குழந்தை பிறக்கப்போகிற சமயம். புதுக் குல்லா சும்மா கிடக்கிறதே, அதற்காவது ஆகட்டும் என்று அப்பா சொன்னார். மறுநாள் பெட்டியில் குல்லா இல்லை. நான் எடுத்துவிட்டேன். எடுத்ததற்காக அன்றும் வருத்தப்படவில்லை, இன்றும் இல்லை.

கல்லறைத் திருநாள் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பாப்பாவுக்கும் ஒரு பூ வைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு. சாமந்தி வைத்தால் ஆடு தின்றுவிடும். உள்ளே கல்லறைகளில் வைக்கிற பூவையே பொழுது விடிவதற்குள் மேய்ந்துவிடும். ஆடு தின்னாத பூ வேண்டும்.

சைக்கிள் கடைக்குப் பின்னால் கிடந்த ஒரு சக்கரத்துப் போக்ஸ் கம்பியை எடுத்து, முனையைக் கல்லில் தேய்த்து, கொக்கி மாதிரி வளைத்தேன். மடத்தில் அக்கா வைத்திருந்த ஊசி அப்படித்தான் இருக்கும். சவுக்குத் தோப்புக்குள் போய்க் குல்லாவைப் பிரித்தேன். எனக்கு யாரும் பின்னக் கற்றுத் தரவில்லை. பிரித்துத்தான் கற்றுக்கொண்டேன். ஓரத்து முடிச்சை அவிழ்த்து நூலை மெதுவாக இழுத்தால் ஒரு கண்ணிக்குள்ளிருந்து இன்னொரு கண்ணி வெளியே வரும். எதற்குள் எது போயிருந்தது என்று பார்த்துக்கொண்டே இழுப்பேன். அதே வழியில் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். தப்பினால் மறுபடியும் பிரிப்பேன். பிரித்த நூல் நீளமாகவே நிற்காது. சுருட்டை முடி போல நெளிந்து நெளிந்து கிடக்கும். குல்லாவில் இருந்த வளைவை அது மறக்கவில்லை.

குல்லாவை உச்சியில்தான் ஆரம்பிப்பார்கள். உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றிக் கீழே வருவார்கள். நான் ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டே போனதால் கடைசியில் உச்சி மட்டும் மிஞ்சியது. ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். பாப்பாவின் உச்சந்தலையில் பட்டுக்கொண்டிருந்த இடம். அதைப் பிரிக்கக் கை வரவில்லை. பார்த்தால் அதுவே பூவின் நடுப்பகுதி மாதிரி இருந்தது. அதைச் சுற்றி இதழ் போட ஆரம்பித்தேன். ஒரு கண்ணியில் சின்னதாக ஒன்று, பிறகு நீட்டமாக மூன்று, மறுபடி சின்னதாக ஒன்று. அப்படிப் போட்டால் இதழ் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து வந்தது. அது எனக்கே ஆச்சரியம்.

அக்கா கண்டுபிடித்துவிட்டாள். தோப்புக்குச் சருகு பொறுக்க வந்தவள் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். குல்லாவின் கதியைப் பார்த்ததும் முதுகில் இரண்டு வைத்தாள்.

"நான் கண்ணு நோவ பின்னுனதுடா அது. பிரிச்சா வெச்ச? ஒனக்கு இன்னா தைரியம்?"

அடி வாங்கிக்கொண்டே பூவைக் காட்டினேன். நடுவில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். அவள் போட்ட சுற்று அவளுக்குத் தெரியாதா? யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அடுத்த நாள் மடத்திலிருந்து ஒரு முழம் வெள்ளை நூல் கொண்டுவந்து என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனாள். அதை இதழ் ஓரத்தில் சுற்றினேன்.

கல்லறைத் திருநாளன்று பகலிலேயே போய் முள்ளின் நடுவில் பூவைக் கட்டிவிட்டேன். காற்று இழுத்துவிடக் கூடாது என்று நூலைப் பல முடிச்சுப் போட்டேன். வினையே அந்த முடிச்சில்தான்.

சாயங்காலம் ஊரே கல்லறைத் தோட்டத்தில். ஈர மண்ணும் சுண்ணாம்பும் மெழுகும் ஊதுவத்தியும் கலந்த வாசனை. சாமியார் தீர்த்தச் செம்போடு ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். வெளியே ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியம்மா திடீரென்று கூச்சல் போட்டாள். ஆண்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன்.

"குழந்தய பொதச்ச எடத்துல பாருங்க. செவப்பு நூலு, முடிச்சு முடிச்சா கட்டிக்கீது. எவனோ வேலய காட்டிட்டான்."

செய்வினை என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்து மந்திரவாதி என்றார் ஒருவர். நேற்று ராத்திரி நாய் அழுதது இதற்குத்தான் என்றார் இன்னொருவர். உபதேசியார் வந்து, யாரும் கை வைக்காதீர்கள், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரையும் விலக்கினார். குடையின் முனையால் பூவை முள்ளிலிருந்து பிய்த்துத் தூக்கினார். ஒரு இதழ் அறுந்து தொங்கியது. மந்திரித்த மெழுகுவத்தியால் கொளுத்திவிடலாம் என்றார். அப்பாவும் கொளுத்துங்கள் என்றார்.

வகுப்பில் ஆஜர் சொல்லக் கூட எனக்குச் சத்தம் வராது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், வாத்தியார் இரண்டு தடவை என் பேரைக் கூப்பிடுவார். அன்றைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அது பூ. நான்தான் கட்டுனேன்."

உபதேசியார் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"யார்றா ஒங்கையில குடுத்தது? பயப்படாம சொல்லு."

"யாரும் குடுக்கல. நானே பின்னுனேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆம்பளைப் பிள்ளை பூ பின்னுவானா, பிள்ளையை எவனோ மயக்கி அனுப்பியிருக்கிறான் என்றார்கள். அப்பா கன்னத்தில் ஒன்று விட்டார். காது ரீங்காரம் போட்டது. பொய் என்று ஒத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பூ என்றேன். இன்னொன்று விழுந்தது. மறுபடியும் பூ என்றேன்.

அப்போது அம்மா வந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வந்தது அன்றுதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குடை முனையிலிருந்த பூவைக் கையால் எடுத்தாள். தொடாதே என்று எல்லாரும் கத்தினார்கள். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பூவைத் திருப்பிப் பார்த்தாள். நடு வட்டத்துக்குள் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏண்டி," என்று அக்காவைக் கேட்டாள், "இது பாப்பா குல்லாதான?"

அக்கா தலையை ஆட்டினாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீயா பின்னுன?"

நானும் தலையை ஆட்டினேன்.

"நல்லாத்தான்டா பின்னிக்கிற."

அந்தப் பூவை அம்மா தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். பாப்பா போனதிலிருந்து அவள் தலையில் பூ வைத்ததில்லை. செருகிக்கொண்டு உபதேசியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"செய்வினன்னா என்னிய புடிக்கட்டும். கொளுத்துறதுன்னா இப்ப கொளுத்துங்க."

அம்மா நேராகச் சாமியாரிடம் போனாள். அவர் கடைசி வரிசையை முடித்துக்கொண்டிருந்தார். தெக்கத்திப் பக்கத்துக்காரர், வயது குறைவு. உபதேசியார் பின்னாலேயே ஓடிவந்து அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் சங்கடப்பட்டார். ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்கு நான் என்னம்மா செய்ய முடியும் என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு ஞானஸ்நானம் ஆயிருக்குதில்ல, சாமி?"

"ஆயிருக்குதும்மா."

"அப்ப எனக்குத் தெளிங்க. நான் நிக்கிற எடத்துல வந்து தெளிங்க."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டைத் தாண்டி, சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள். அப்பா போட்டிருந்த முள்ளைக் கையாலேயே இழுத்து ஒதுக்கினாள். செருப்பில்லாத காலோடு அந்த இடத்தில் ஏறி நின்றாள். முந்தானையைத் தலையில் போடவில்லை. சிவப்புப் பூ எல்லாருக்கும் தெரிந்தது.

சாமியார் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மாவின் எதிரில் நின்று தீர்த்தம் தெளித்தார். மறுபடியும் தெளித்தார். ஜெபம் சொன்னாரா என்பது என் காதில் விழவில்லை, காதில் அப்பாவின் அடி இன்னும் இரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் பூவில் இறங்கி, கழுத்து வழியாக, புடவை வழியாக, அவள் காலடியில் சொட்டியது. அவர் யாருக்குத் தெளித்தார் என்று பெரியவர்கள் பிற்பாடு வெகுநாள் விவாதம் செய்தார்கள். எனக்கு அந்த விவாதம் தேவைப்படவில்லை. தண்ணீர் எங்கே விழுந்தது என்று நான் பார்த்தேன்.

அம்மா பூவை எடுத்து முள்ளில் கட்டினாள். தீர்த்தம் பட்ட பொருள் என்பதால் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. ஆடும் தின்னவில்லை. வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, அது அங்கேயே இற்றுப்போனது.

சில நாள் கழித்து ஒரு பெரியம்மா, ஊசிபோல மெலிந்தவள், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மடியிலிருந்து ஒரு உருண்டை நீல நூலை எடுத்துக் கொடுத்து, எனக்கும் ஒண்ணு பின்னிக் குடுடா, யாருக்குன்னு கேக்காத என்றாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். பிறகு இன்னொருத்தி. ஸ்வெட்டரைப் பிரித்த நூல், வாசல் தோரணத்தைப் பிரித்த நூல், எது கிடைத்ததோ அது. எல்லாரும் ரகசியமாகத்தான் வந்தார்கள். ஆறாவது படிக்கச் சுங்குவார்சத்திரம் போக வேண்டும், நான் போகவில்லை. மாடு மேய்த்துக்கொண்டே பின்னினேன்.

அடுத்த கல்லறைத் திருநாள் வந்தது. சாமியார் உள்ளே மந்திரித்து முடித்தார். முதலில் அம்மா வெளியே போய் நின்றாள். பிறகு நீல நூல் பெரியம்மா போய்க் கொஞ்சம் தள்ளி நின்றாள். அப்படியே ஒவ்வொருத்தியாகச் சுவரைத் தாண்டிப் போனார்கள். அங்கே ஒரு கல் இல்லை, குச்சி இல்லை, அடையாளம் என்று எதுவுமே இல்லை. ஆனால் ஒருத்தி கூடத் தேடவில்லை. இருபது முப்பது வருஷம் ஆனவள் கூட நேராகப் போய்த் தன் இடத்தில் நின்றாள். எல்லார் தலையிலும் நான் பின்னிய பூ. சாமியார் ஒவ்வொருத்திக்கும் தெளித்துக்கொண்டே போனார். உபதேசியார் செம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர் மனைவியும் அந்த வரிசையில் நின்றாள்.

அந்தப் பெண்கள் அநேகமாக எல்லாரும் இப்போது சுவருக்கு உள்ளே, பெயர் பொறித்த கல்லறையில் இருக்கிறார்கள். என் அம்மாவும்தான். அவர்கள் போன பிறகு வெளியே யாரும் நிற்பதில்லை. நான் மட்டும் வருஷத்துக்கு வருஷம் பூவைக் கொண்டுபோய் அந்தந்த இடத்தில் முள் போட்டு அதில் கட்டிவிட்டு வருகிறேன். பஸ்ஸில் பின்னுவது அதற்குத்தான். நீங்கள் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்துக்கொண்டு பைக்கில் தாண்டிப் போகிறீர்கள்.

உங்களில் பலருடைய அம்மா அந்த வரிசையில் நின்றவள். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். உங்களுக்கு முன்னால் பிறந்த ஒன்றோ பின்னால் பிறந்த ஒன்றோ அங்கே இருக்கிறது. எது யார் வீட்டுடையது என்பது, பூ கட்டுகிறவன் என்பதால், எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் பேசச் சொல்லாதீர்கள், எனக்கு வராது. ஜேசிபிக்குச் சொல்லிவிடுவதற்கு முன்னால், இந்தக் கல்லறைத் திருநாளன்று ஒவ்வொருவராக என்னோடு கிழக்குப் பக்கம் வாருங்கள். உங்கள் அண்ணன் எங்கே, தங்கச்சி எங்கே என்று விரலை நீட்டிக் காட்டுகிறேன். அதற்குப் பிறகும் மனசு வந்தால், அவர்கள் மேல் பைக்கை நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்தது: 2025 அக்டோபர் 27, திங்கட்கிழமை.